ஹலால் முத்திரை மட்டும் போதுமா?



கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தையோ சாக்லேட் டப்பாவையோ கையில் எடுத்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது ஹலால் முத்திரையைத்தான். பாராட்டத்தக்க பழக்கம் இது. விலக்கப்பட்ட ஒரு கவளமும் நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் சென்றுவிடலாகாது என்னும் அந்தக் கவலை ஈமானின் அடையாளம். ஆனால் முத்திரையைக் கண்ட மாத்திரத்தில் நம் தேடலும் முடிந்துவிடுகிறதே, அங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

உணவைப் பற்றிப் பேசும் சில இடங்களில் திருமறை ‘ஹலால்’ என்னும் சொல்லோடு ‘தய்யிப்’ என்னும் சொல்லையும் இணைத்தே கூறுகிறது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது என்று பொருள். அனுமதிக்கப்பட்டதா என்னும் முதற்கேள்விக்கு முத்திரை விடையளிக்கிறது. என் பிள்ளையின் உடலுக்கு நல்லதா என்னும் இரண்டாம் கேள்வியை யார் கேட்பது? நாமன்றோ கேட்க வேண்டும்!

பொட்டலத்தின் மறுபக்கம்

அந்தப் பொட்டலத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அதில் சேர்க்கப்பட்ட பொருள்களை, எடையில் மிகுந்ததை முதலில் வைத்து, வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் எது என்று புரிந்துகொள்ளலாம். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்பனவெல்லாம் சர்க்கரையின் மாற்று உடைகளே. ஆங்கிலம் அறியாத தாய்மார்கள் தயங்க வேண்டியதில்லை. பள்ளி செல்லும் மகளையோ மகனையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவே அப்பிள்ளைக்கு ஒரு பாடமாகிவிடும்.

கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ளது. 300 மில்லி புட்டி ஒன்றில் 30 கிராம். ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி! அதை ஒரு தட்டில் அளந்து கொட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு நாளில் நாம் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்க்கைச் சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வரையறுத்தது. அதையும் பாதியாகக் குறைத்தால் நலம் என்றது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் சிறுவனுக்கு இந்த உச்சவரம்பு 37 கிராம் அளவே. ஒரே ஒரு புட்டி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

‘சத்துப் பானம்’ என்று நம்பி நாம் பாலில் கலக்கும் பொடிகளையும் இந்தக் கண்கொண்டே பாருங்கள். இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்னும் பிரிவில் வைத்து விற்கலாகாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. காரணம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை.

வயிறு நிறைந்தும் நிற்காத கை

ஒரு பொட்டலம் தீர்ந்ததும் மறு பொட்டலத்திற்குப் பிள்ளை அழுவதைப் பேராசை என்று ஏசுகிறோம். உண்மையில் அந்த உணவின் அமைப்பே அப்படித்தான். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருபது பேருக்கு இரு வாரங்கள் ஆலைப் பக்குவம் மிகுந்த உணவும், இரு வாரங்கள் எளிய உணவும் தரப்பட்டன. இரண்டிலும் பரிமாறப்பட்ட சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவை ஒத்த அளவிலேயே இருந்தன. விரும்பியவரை உண்ணலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆலை உணவைத் தின்ற நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், எடையும் ஏறியது. விவரமறிந்த பெரியவர்களின் நிலையே இதுவென்றால், மழலைகள் என்ன செய்வார்கள்?

விளைவு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2016-18இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதினரிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவின் முன்நிலை காணப்பட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இக்கேட்டிற்குக் காரணங்கள் பல. எனினும் நம் கைக்கு எட்டும் காரணம் உணவுதான்.

நாவும் ஒரு மாணவன்

‘என் பிள்ளைக்குக் காய்கறி பிடிக்காது’ என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். புதிய உணவொன்றைச் சிறு பிள்ளையின் நா ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறைகூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது குழந்தை உணவியல் ஆய்வாளர்கள் கண்ட உண்மை. நாமோ மூன்றாம் முறையே கைவிட்டு, நூடுல்ஸ் பொட்டலத்தைக் கிழிக்கிறோம்!

எலின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் அறிஞர் வகுத்த நெறி எளிமையானது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். அடித்து ஊட்டுவதும் வேண்டாம், கெஞ்சுவதும் வேண்டாம். ‘கீரையைத் தின்றால் சாக்லேட் தருவேன்’ என்று பேரம் பேசுவதோ மிகப் பெரும் தவறு. கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே அல்லவா கற்றுக்கொடுக்கிறோம்!

நம் அடுப்படியில் இல்லாததா?

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மரபு நம்முடையது. பெரியவர்கள் உண்பதைப் பார்த்தே பிள்ளைகள் உண்ணக் கற்ற பள்ளி அது. தம்முடன் ஒரே தட்டில் உண்ட சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உண்ணும் ஒழுங்கைக் கற்பித்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. இன்று பல இல்லங்களில் ஆளுக்கொரு தட்டு, கையில் அலைபேசி. சேர்ந்துண்ணும் ஒரு வேளையையாவது மீட்டெடுங்கள்.

பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குச் சுண்டல், வேகவைத்த முட்டை, வேர்க்கடலை, கொய்யா, பேரீச்சம்பழம் என எத்தனை இல்லை நம்மிடம்! அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சியை ரமலானுக்கு மட்டுமே ஒதுக்கி வைப்பானேன்? அதேவேளை, வீட்டில் செய்ததெல்லாம் நல்லது என்றும் எண்ணிவிடலாகாது. இஃப்தார் விரிப்பில் கஞ்சியைச் சுற்றிச் சமோசாவும் வடையும் கலர் சர்பத்தும் அணிவகுக்கின்றனவே, அவையும் அளவுக்குட்பட்டே இருக்கட்டும்.

வளைகுடாவில் உழைக்கும் வாப்பாமார்களுக்கும் ஒரு சொல். ஈராண்டுப் பிரிவின் பாசத்தைப் பெட்டி நிறையச் சாக்லேட்டாகவும் பானப் பொடியாகவும் கொண்டுவருகிறீர்கள். அப்பாசத்தை யார் குறை சொல்வார்? அதே பெட்டியில் பேரீச்சம்பழமும் பாதாமும் பிஸ்தாவும் இடம்பெறட்டும். இனிப்பு ஒரு கைப்பிடி இருந்தால் போதும்.

வீட்டுக்கு வெளியிலும் நமக்குக் கடமையுண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்பது 2020ஆம் ஆண்டு வந்த விதி. பெற்றோர் கூட்டத்தில் இதை நினைவூட்டுங்கள். மக்தபு மதரஸாவில் பாடம் ஒப்பித்த பிள்ளைக்கு மிட்டாய்க்குப் பதில் ஒரு பேரீச்சம்பழம் தந்தால், அதுவும் ஓர் அழகிய தொடக்கமே.

சகோதரிகளே! பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் ஈமானைப் பேணும் நாம், அதைத் தாங்கி நிற்கும் உடலையும் பேண வேண்டாமா? அடுத்த முறை கடையில் பொட்டலத்தைக் கையிலெடுக்கும்போது முத்திரையைப் பாருங்கள். பார்த்தபின் மறுபக்கமும் திருப்புங்கள். ஹலாலும் தய்யிபும் சேர்ந்த உணவே நம் பிள்ளைகளின் தட்டில் அமைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!