ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு கதவுகள்

தெல்தோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பேராதனையில் கிளம்பும்போது வேனின் சூட்டு ஊசி நடுவில் நிற்கிறது. கலஹா தாண்டி ஏற்றம் பிடித்தால் மேலே போகிறது. ரேடியேட்டரை மாற்று என்கிறார் ஒரு மெக்கானிக். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு பேருமே சொல்லாத ஒன்றை முதலில் பாருங்கள்: ரேடியேட்டர் மூடி. விலை குறைந்த சாமான் என்பதாலேயே அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

300 மீற்றர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். கண்டியில் 98, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகை. பல பெட்ரோல் வாகனங்களில் விசிறி சுழலத் தொடங்குவதே 95 பாகையை ஒட்டித்தான். அப்படியென்றால் நுவரெலியாவில் விசிறி சுழலுமுன்பே தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். கொதிப்பதில்லை, மூடி விடுவதில்லை.

மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். உள்ளே அமுக்கம் வெளியில் இருப்பதைவிட அவ்வளவு கூடினால்தான் அதன் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். 0.9 என்பது கிட்டத்தட்ட இன்னொரு வளிமண்டலத்தையே தண்ணீரின் தலையில் ஏற்றிவைப்பது போல. கொதிநிலை 115 பாகையைத் தாண்டிவிடும். மலை பறிப்பது ஐந்தாறு பாகை, மூடி கொடுப்பது இருபது. ரப்பர் முற்றிப்போன மூடியோடு கொழும்பில் எப்படியோ ஓட்டிவிடலாம். கலஹா ஏற்றம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை பிரஷர் குக்கர் கதைதான். ஆனால் குக்கருக்கு மூச்சை வெளியே விடத்தான் தெரியும். ஒரு குக்கரை நினைத்துப் பாருங்கள். பொங்கும் கஞ்சி ஒரு குழாய் வழியே பக்கத்துக் கிண்ணத்தில் இறங்குகிறது. அடுப்பை அணைத்ததும், சோறு ஆற ஆற, அந்தக் கஞ்சியை குக்கரே திரும்பக் குடித்துவிடுகிறது. விடியும்போது குக்கர் விளிம்புவரை நிறைந்திருக்கிறது, அடுப்படியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ரேடியேட்டர் அப்படிப்பட்ட குக்கர். பெரிய வால்வின் நடுவே சட்டைப் பொத்தான் அளவில் இன்னொரு வால்வு இருக்கிறது, அது உள்நோக்கித் திறக்கும். ஏற்றத்தில் சூடாகி விரியும் கூலண்ட் பெரிய வால்வைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் டேங்குக்குப் போகிறது. இரவில் எஞ்சின் ஆறும்போது உள்ளே அமுக்கம் வெளியைவிடக் குறைய, சின்ன வால்வு திறந்து போனதையெல்லாம் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இதற்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

ஆகவே பரிசோதனையை விடியற்காலையில், எஞ்சின் நன்றாக ஆறியபின் செய்யுங்கள். மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டுவிட்டது. டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்திருந்தால், போன கூலண்ட் திரும்பவில்லை: ஒன்று மூடியின் ரப்பர் காற்றை விடுகிறது, அல்லது டேங்குக்குப் போகும் சிறு குழாயில் வெடிப்பு. இரண்டுமே குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் மூட்டுகளிலும் வோட்டர் பம்பின் அடியிலும் நிறம் பிடித்த படிவைத் தேடுங்கள்.

ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், எஞ்சின் சூடேறுமுன்பே ஹோஸ் கல்லாக இறுகினாலோ, டேங்கில் குமிழி ஓயாமல் வந்தாலோ, ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினாலோ ஹெட் கெஸ்கட் போயிருக்கலாம். அத்தோடு வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு கராஜுக்குப் போங்கள்.

வரலாறும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1888இல் ஜேர்மனியில் பெர்தா பென்ஸ் தன் கணவர் செய்த காரை மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனபோது, ஆவியாகிப் போன தண்ணீரை வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனார். மூடி கெட்ட வேனை ஒவ்வொரு பீலியிலும் நிறுத்தித் தண்ணீர் பிடிப்பவர்கள் இன்றும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறார்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்வது மலையகத்தின் பழைய பிடிவாதம். அது மூடியபடியே இறுகிப்போயிருந்தால் புதிதாகப் போடுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள். அது இல்லாத எஞ்சின் இறக்கத்திலும் குளிர்காலைகளிலும் உரிய சூட்டுக்கு வராமல் எண்ணெயைக் குடித்துத் தேய்கிறது. ஓட்டையை நிமிடத்தில் அடைப்பதாக வீடியோக்கள் புகழும் பொடிகள், ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். "இங்கே பனி உறைவதில்லை, கூலண்ட் எதற்கு?" என்பவர்களுக்கு: கூலண்டின் பாதி வேலை துருவைத் தடுப்பது. பீலித் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

கைகூப்பிக் கேட்கிறேன், சூடான எஞ்சினில் மூடியைத் தொடாதீர்கள். 115 பாகையில் இருக்கும் ஐந்து லீற்றர் தண்ணீரின் அமுக்கத்தைச் சட்டென்று விட்டால், அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே ஆவியாகும். அந்தச் சிறு பங்கே 200 லீற்றர் பெரல் ஒன்றை நிரப்பும். வழியில் ஊசி ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுச்சூட்டில் திறந்துவிடுங்கள், அது எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி, முழுதாக ஆறும்வரை காத்திருங்கள்.

தெல்தோட்டை வாசகரே, இன்று மாலை வேன் வந்து நின்றதும் ரிசர்வ் டேங்கில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கி, ரேடியேட்டரும் விளிம்புவரை நிறைந்திருந்தால் மூடி இரவெல்லாம் வேலை செய்திருக்கிறது, வேறிடத்தில் தேடலாம். கோட்டிலேயே நின்றால், ரேடியேட்டருக்கு விலை கேட்குமுன் உங்கள் மூடியில் பொறித்திருக்கும் அதே இலக்கத்தில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.