பிரசங்கம் முடிந்த பிறகு

கச்சேரிக்குப் போனால் காதுக்கு விருந்து உண்டு. கதாகாலட்சேபத்துக்குப் போனால் கொஞ்சம் புண்ணியமாவது மிஞ்சும். கல்லூரிக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து பௌதிகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால், கேட்பவருக்கு என்ன கிடைக்கும்? அதிலிருந்து பரீட்சையில் கேள்வி வராது, மார்க்கும் கிடையாது. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் பின் பெஞ்சாகப் பார்த்து இடம் பிடிப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பிரசங்கத்தின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நடந்தது நம் சென்னையில், கடற்கரையைப் பார்த்து நிற்கிறதே பிரசிடென்ஸி கல்லூரி, அங்கே. வருஷம் 1928.

ஜெர்மனியில் மியூனிக் சர்வகலாசாலையில் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம், பல தேசத்துப் பௌதிக மாணவர்களுக்கும் வேத புத்தகம் மாதிரி. அந்த வருஷம் அவர் இந்தியாவுக்கு விஜயம் செய்தார். சென்னைக்கும் வந்து பேசினார்.

கேட்க வந்தவர்களில் ஒரு பையன். பெயர் சந்திரசேகர். வயது பதினெட்டு. அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வேயில் கணக்கு அதிகாரி. சித்தப்பா யார் தெரியுமா? சி. வி. ராமன்! அந்தக் கோடை விடுமுறையைக் கல்கத்தாவில் சித்தப்பாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் கழித்துவிட்டு வந்திருந்தான் பையன். சாமர்ஃபெல்டின் புத்தகத்தையும் தானாகவே படித்து முடித்திருந்தான்.

பிரசங்கம் முடிந்தது. மற்றவர்களுக்கு அத்தோடு சரி. சந்திரசேகருக்கோ அங்கேதான் ஆரம்பம். மறுநாள் பேராசிரியர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் அவரைப் பார்த்தான். தங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று பெருமையோடு சொன்னான்.

பேராசிரியர் மெச்சிக்கொண்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள பௌதிகமெல்லாம் பழசாகிவிட்டது, ஹைஸன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் போன்ற இளைஞர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்குள் அணு சாஸ்திரத்தையே தலைகீழாக மாற்றிவிட்டார்கள் என்றார் அவர். பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆசை ஆசையாக மனப்பாடம் செய்த பாட்டை, பாட்டு எழுதியவரே 'இது செல்லாது' என்று சொன்ன மாதிரி.

ஆனால் அந்த நல்ல மனிதர் பையனை அப்படியே அனுப்பிவிடவில்லை. உட்கார வைத்துப் புதுக் கொள்கைகளை எடுத்துச் சொன்னார். உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப் புரூப் காகிதங்களையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் காகிதங்கள் வீண் போகவில்லை. சில மாதங்களுக்குள் சந்திரசேகர் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர் என்ற பேராசிரியருக்கு அனுப்பினான். 1929-ல் அது லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அச்சாயிற்று. அதே வருஷம் ஹைஸன்பர்க்கே சென்னைக்கு வந்தார். அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு யாருக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

இந்த இடத்தில் கல்லூரியின் முன் பெஞ்சையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பெண்கள் பௌதிகம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்தப் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் லலிதா துரைசாமி என்ற பெண் படித்துக்கொண்டிருந்தாள். சந்திரசேகருக்கு ஒரு வகுப்பு கீழே. இளம் விதவைகளின் கல்விக்காகவே வாழ்ந்த சகோதரி சுப்புலட்சுமி அவளுக்குப் பெரியம்மா. வகுப்பறையில் பூத்த நட்பு 1936-ல் கல்யாணத்தில் முடிந்தது. அந்த நாளில் பெரியவர்கள் பார்த்து முடிக்காமல் தாங்களே தேர்ந்துகொண்ட கல்யாணம்!

அதற்கு முன்னால் ஒரு சோதனை இருந்தது. 1930-ல் சந்திரசேகருக்குச் சீமைக்குப் போய்ப் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அந்தச் சமயம் பார்த்து அவன் தாயார் சீதாலட்சுமி அம்மாள் கடுமையான நோயில் படுத்திருந்தார். தாயை இந்த நிலையில் விட்டுவிட்டுப் பிள்ளை கப்பல் ஏறலாமா என்று உறவினர் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்!

அந்த அம்மாள் சாமானியமானவர் அல்ல. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே ஆங்கிலம் கற்றுக்கொண்டு, இப்ஸன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிள்ளை தனக்கு மட்டும் சொந்தம் அல்ல, உலகத்துக்குச் சொந்தம் என்பது அவர் எண்ணம். போய்த்தான் ஆக வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். ஜூலை 31-ம் தேதி பம்பாயில் கப்பல் புறப்பட்டது. அடுத்த வருஷம் மே மாதம் தாயார் காலமானார். பிள்ளை அப்போது கேம்பிரிட்ஜில். அவர்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

இந்தத் தியாகத்துக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். கப்பலில் போகும்போதே அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு கணக்குப் போட்டான். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் ஒன்று சுருங்கிச் சுருங்கிப் பூமி அளவுக்கு வந்துவிடும். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை! இன்னும் சுருங்காமல் அதைத் தடுப்பது எலெக்ட்ரான்கள். பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்தான் உட்காரலாம் அல்லவா? எலெக்ட்ரான்களும் அப்படித்தான், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார இடம் கொடுக்காது. சாமர்ஃபெல்ட் ஹோட்டலில் சொல்லிக் கொடுத்த பாடத்தின் சாரம் இதுதான். சந்திரசேகர் இதனுடன் ஐன்ஸ்டீனின் கொள்கையையும் சேர்த்தான். கனம் ஓர் அளவுக்கு மேல் போனால் எலெக்ட்ரான்களாலும் தாங்க முடியாது, நட்சத்திரம் இடிந்துகொண்டே போகும் என்று விடை வந்தது.

1935-ம் வருஷம் ஜனவரியில் லண்டன் வானசாஸ்திர சபையில் இதை அவர் எடுத்துச் சொன்னபோது, எடிங்டன் என்ற மகா மேதை எழுந்து, நட்சத்திரம் அப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்ளாது என்று பரிகாசம் செய்தார். சபையும் சிரித்தது. இளைஞர் மனம் உடைந்தாலும் கணக்கை மாற்றவில்லை. இன்று அந்த அளவுக்குப் பெயரே 'சந்திரசேகர் வரம்பு'. 1983-ல் நோபெல் பரிசும் வந்தது.

பிரசங்கம் கேட்ட பிள்ளை பிரசங்கம் செய்கிறவராகவும் ஆனார். அமெரிக்காவில் யெர்க்ஸ் வான ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய்ச் சிகாகோ சர்வகலாசாலையில் ஒரு வகுப்பு நடத்தினார். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே மாணவர்கள் என்று சொல்வதுண்டு. அந்த இருவரும், லீயும் யாங்கும், 1957-ல் நோபெல் பரிசு பெற்றார்கள். குருவுக்கு 26 வருஷம் முன்னதாகவே! 1962 ஜனவரி 3-ம் தேதி சென்னையில் கணித விஞ்ஞான நிலையம் தொடங்கியபோது, பழைய பிரசிடென்ஸி கல்லூரிக்கே அவர் விருந்தினராக வந்தார். ஒரு காலத்தில் சாமர்ஃபெல்ட் பேசிய கல்லூரியில், இப்போது அவரைப் பார்க்க இளைஞர்கள் காத்திருந்தார்கள்.

சகோதரிகளே, எல்லாப் பிரசங்கமும் நோபெல் பரிசில் கொண்டுபோய் விடாது. சாமர்ஃபெல்டின் பேச்சைக் கேட்ட மற்றவர்களும் கெட்டிக்காரர்கள்தாம். வித்தியாசம் மறுநாள் காலையில் இருந்தது: ஒரு பிள்ளை கதவைத் தட்டினான், ஒரு பெரியவர் திறந்தார். கதவு தட்டும் தைரியத்தை எந்தக் கல்லூரியும் பாடமாக வைப்பதில்லை. அது வீட்டில்தான் வர வேண்டும்.

ஆகையால் உங்கள் பிள்ளையோ பெண்ணோ கல்லூரியில் யாரோ வந்து பேசுகிறார்கள், வர நேரமாகும் என்றால் முகம் சுளிக்காதீர்கள். சாதத்தை மூடி வையுங்கள். திரும்பி வந்ததும் 'என்ன கேட்டாய்?' என்று விசாரியுங்கள். நம் தமிழில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. காதால் என்ன கேட்டாய் என்பது ஒன்று. வாயைத் திறந்து என்ன கேட்டாய் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு இலையைப் போடுங்கள்!