காமாலை தெளிந்தால் கிருமி போய்விட்டதா?

கண் மஞ்சளானால் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடுவோம். சில வாரங்களில் மஞ்சள் தெளிந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். அந்தக் காமாலை ஹெபடைடிஸ் சி கிருமியால் வந்திருந்தால், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். சி வகை இரத்தத்தின் வழியாகப் பரவுவது. தொற்றிய முதல் 6 மாதங்களே அதன் ஆரம்பநிலை. பலருக்கு அப்போது காமாலைகூட வராது. 100 பேரில் சுமார் 30 பேருக்கு மருந்தில்லாமலே கிருமி நீங்கிவிடும். மற்றவர்களுக்கு, மஞ்சள் தெளிந்த பிறகும் அது கல்லீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம்.

நாம் எந்தப் பக்கம் என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எதிர்ப்பொருள் சோதனை மட்டும் போதாது. கிருமி நீங்கிய பிறகும் அது 'பாசிட்டிவ்' காட்டும். தொற்றிய புதிதில் 'நெகட்டிவ்' என்றும் வரலாம். கிருமி இப்போது உடலில் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையே உறுதிசெய்யும்.

சிகிச்சை எளிதாகிவிட்டது. 2001-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், ஆரம்பநிலையிலேயே 24 வாரம் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட 44 பேரில் 43 பேருக்குக் கிருமி நீங்கியது. ஆனால் அந்த ஊசியின் பக்கவிளைவுகள் கடுமையானவை. அதனால் தானாக நீங்குகிறதா என்று மருத்துவர்கள் சில மாதம் காத்திருந்து பார்ப்பார்கள். இப்போது மாத்திரை வந்துவிட்டதால், காத்திருக்காமல் தொடங்கவே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரம். 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. தினம் ஒரு வேளைதான் என்பதால், மருத்துவரைக் கேட்டு ரமளானில் சஹரிலோ இஃப்தாரிலோ எடுத்துக்கொள்ளலாம். முடித்து 12 வாரம் கழித்து மறுபரிசோதனை அவசியம். இத்திட்டம் பற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இதற்குத் தடுப்பூசி இல்லை; குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம். ஹிஜாமா, கத்னா, சவரம், ஊசி எதுவானாலும் புதிய பிளேடா, கிருமிநீக்கம் செய்த கருவியா என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ முஸாஃபஹா செய்வதாலோ இது பரவாது. ஆகவே நோயாளியை ஒதுக்காதீர்கள். பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து தேடுவதும் நபிவழிதான்.