வரைந்த ரோபோ இடுக்கி அசையலையா? இதுதான் காரணம்!
பொருளைக் கவ்வும் ரோபோ இடுக்கியை 'ஃப்யூஷன்' மென்பொருளில் வரைந்தாச்சு. ஆனால் அசையவே மாட்டேங்குதா? மொத்தமும் ஒரே பாகமாக இருந்தால் அப்படித்தான்!

முதலில் அடித்தட்டு, பல்சக்கரம் கொண்ட 2 விரல்கள் என எல்லாவற்றையும் தனித்தனி 'காம்போனென்ட்' ஆக்கணும். அடித்தட்டை 'கிரவுண்ட்' செய்து நிலைநிறுத்தணும்.

அடுத்து, ஒவ்வொரு விரலின் துளையிலும் 'ரெவல்யூட்' ஜாயின்ட். இது கதவுக் கீல் மாதிரி, ஒரே அச்சில் மட்டும் சுழலவிடும். 2 ஜாயின்ட்டையும் 'மோஷன் லிங்க்'கில் இணைத்து எதிரெதிர் திசையில் சுழல வைத்தால், ஒரு விரலை இழுத்ததும் மற்றதும் சேர்ந்து மூடும்.

முக்கியமானது 'ஜாயின்ட் லிமிட்ஸ்'. விரல் எந்தக் கோணத்தில் நிற்கணும் என்று சொல்லாவிட்டால், திரையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். நிஜத்தில் முட்டி நிற்கும். அதனால் 'இன்டர்ஃபியரன்ஸ்' சோதனை முடிந்த பிறகே 3டி பிரிண்ட் கொடுங்க. இல்லைன்னா பல மணி நேரமும் பிளாஸ்டிக்கும் வீண்தான்!