உங்களுக்குத் தெரியுமா? தீவகத்துக் கரண்டும் கேம் ஆடும் கணினியும்

கேமில் கடைசி எதிரி விழப்போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். போகாத நாளில் கணினி கொதித்து, திரை இறுகி நிற்கும். யாழ்ப்பாணத் தீவகத்துப் பெடியளுக்கு இரண்டும் பழகிய கதை. ஏன், என்ன செய்யலாம்?

● தாம்போதி வரைக்கும் ஒரு கரண்ட். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுக்கு நாட்டின் பொது மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் வருகிறது. குறிகட்டுவானில் படகேறினால் கதை வேறு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் அந்தக் கட்டமைப்பில் சேராதவை. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வாழ்ந்தவை.

● குரங்கு தொடாத தீவுகள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார் மின்சக்தி அமைச்சர். தனி மின்பிறப்பாக்கியில் ஓடும் தீவுக்கு அந்தக் குரங்கால் ஆபத்தில்லை. அதற்குப் பதில், சின்ன இயந்திரத்தில் நாலு வீட்டு மோட்டார் ஒன்றாகப் போட்டாலே வோல்டேஜ் ஆடும்.

● வெயிலும் காற்றும் வருகின்றன. அந்த மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியாவின் நன்கொடை. சூரிய சக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், சேமித்து வைக்க 2,400 கிலோவாட்மணி பற்றரி.

● கண் இமைக்கும் நேரம்கூட நீளம்தான். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்று 20 மில்லிவினாடி. கரண்ட் அறுந்தால், முழுப் பாரத்தில் ஓடும் கணினியின் பவர் சப்ளை ஏறத்தாழ 16 மில்லிவினாடிதான் தாக்குப்பிடிக்கும். லைட் ஒருதரம் மினுங்கியதும் கணினி மறுபடி தொடக்கத்திலிருந்து எழும்புவது இதனால்தான். சாதாரண யூபிஎஸ் 10 மில்லிவினாடிக்குள் கைகொடுத்துவிடும்.

● யூபிஎஸ் ஆடுவதற்கல்ல, மூடுவதற்கு. சின்ன யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்மணி பற்றரி. பெருக்கினால் 84 வாட்மணி. 300 வாட் இழுக்கும் கேம் கணினிக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதற்குள் சேவ் செய்து அணைத்துவிடுங்கள். அந்தப் பற்றரிக்கு உகந்தது 25 பாகை வெப்பம். அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வெயில் படும் மூலையில் வைக்காதீர்கள்.

● மின்பிறப்பாக்கியைக் கண்டால் யூபிஎஸ் கத்துகிறதா? பழுதாக இருக்க வேண்டியதில்லை. பாரம் ஏறி இறங்கும்போது மின்பிறப்பாக்கியின் சுற்றும் வேகம் மாறும். 50 சுற்று 48 ஆகும், 52 ஆகும். யூபிஎஸ் அதை நம்பாமல் பற்றரிக்குத் தாவும். அப்படித் தாவித் தாவியே பற்றரி வடியும்.

● கரண்ட் வந்தவுடன் பாயாதீர்கள். ஊரிலுள்ள குளிர்சாதனப்பெட்டியும் தண்ணி மோட்டாரும் ஒரே நொடியில் எழும்பும் நேரம் அது. வோல்டேஜ் விழுந்து எழும். ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

● லேபிளைப் படியுங்கள். பெரும்பாலான லப்டொப் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 180க்கு இறங்கினாலும் அது அசையாது. உள்ளே பற்றரியும் இருப்பதால் லப்டொப்புக்கு யூபிஎஸ் தேவையில்லை. மலிவான பவர் சப்ளை சிலவற்றின் முதுகில் 115/230 என்று ஒரு சின்ன சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அதை 115க்குத் தள்ளிவிட்டு நம் பிளக்கில் செருகினால் ஒரே வெடி.

● அறைக்குள் நாலு குண்டு பல்ப். கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பம்தான். 300 வாட் என்றால் பழைய 75 வாட் குண்டு பல்ப் நாலு. கதவு, யன்னலைப் பூட்டிக்கொண்டு ஆடினால் கணினி தன் சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும். சிப் 95, 100 பாகையைத் தொட்டதும் தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கும். நீங்கள் இணையத்தைத் திட்டுவீர்கள்.

● காசில்லாத குளிரூட்டி. உங்கள் திரை வினாடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால், கேம் 140 படம் வரைவது வீண் உழைப்பு. செட்டிங்கில் 60 என்று கட்டுங்கள். சூடும் யூபிஎஸ் பாரமும் சேர்ந்து இறங்கும். லப்டொப்பின் பின்பக்கத்தைச் சோடாப் போத்தல் மூடி இரண்டின் மேல் ஏற்றினால் அடியில் காற்று நுழையும். தலையணை மேல் வைத்தால் அதன் மூக்கைப் பொத்துகிறீர்கள்.

● பகலில் தூசி, இரவில் ஈரம். கடற்கரை வீட்டுக் கணினியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். விசிறி இலைகளில் அப்பியிருக்கும் சாம்பல் நிறத் தூசியில் உப்பும் கலந்திருக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். அந்தக் கசிவுதான் செப்பைப் பச்சையாக்கும், திருகாணியைத் துருவாக்கும். சோளகம் நேரே அடிக்கும் யன்னலோரம் கணினியை வைக்க வேண்டாம். காய்ந்த தூரிகையால் மாதம் ஒருதரம் தட்டுங்கள். வாரக்கணக்கில் அணைத்துக் கிடக்கும் கணினியைத்தான் ஈரம் முதலில் பிடிக்கும், அவ்வப்போது ஓடவிடுங்கள்.

● நூறு சைக்கிள். தொண்ணூறுகளின் போர்க்கால யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்டது அந்தத் தலைமுறை. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். இன்றைய 300 வாட் கேம் கணினிக்கு நூறு சைக்கிளும், சுற்ற நூறு பேரும் வேண்டும். அடுத்தமுறை கரண்ட் போனால் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், செய்தி முடியுமட்டும் சுற்றியது யாரென்று.