சடைநாயும் ஈரத்தாளும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் முன்னைய நாட்களில் நாய்க்கெனச் சீப்பு வாங்கும் வழக்கம் இருக்கவில்லை. குட்டை உரோமம் கொண்ட ஊர் நாய் மழையில் நனையும், உடம்பை உதறும், வெயிலில் படுத்துக் காயும். அத்துடன் அலுவல் முடிந்துவிடும். இப்போது நாம் வீடு வீடாகச் செல்லும்போது வேறு காட்சியைக் காண்கிறோம். பொமரேனியன், அல்சேஷன் போன்ற அடர்ந்த உரோமமுள்ள நாய்கள் பல முற்றங்களில் நிற்கின்றன. வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ, தனித்திருக்கும் தாய்க்குத் துணையாகவும் வீட்டுக்குக் காவலாகவும் பணம் அனுப்பி வாங்குவித்தவை இவற்றுட் பல. நாயை வாங்குவது பிள்ளை. அதைக் குளிப்பாட்டி, வாரி, உண்ணி பிடுங்கி, மலசலம் அள்ளுவது தாய். இதனை ஒரு வேலையாக எவரும் கணக்கெடுப்பதில்லை.

இந்த வேலையை இலகுவாக்கும் என்று விற்கப்படுவதுதான் செல்லப்பிராணிகளுக்கான ஈரத்தாள். கடைகளில் ‘பெட் வைப்ஸ்’ என்று கேட்டால் தருவார்கள். குழந்தைகளுக்குப் பாவிக்கும் ‘பேபி வைப்ஸ்’ போலவே பக்கற்றில் அடுக்கி வரும். தண்ணீர் அள்ளத் தேவையில்லை, குனியத் தேவையில்லை. இதனால் முதியவர்களுக்கு மிகவும் உகந்தது என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பில் செய்த பிழையிலிருந்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு மாரிகாலம். வலிகாமத்தின் செம்மண் பகுதியொன்றில் வசிக்கும் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவரை முதியோர் பராமரிப்பு வேலை நிமித்தம் அடிக்கடி சந்தித்து வந்தேன். தோள்மூட்டு நோவினால் அவருக்கு வலக்கையை உயர்த்த முடியாது. அவரிடம் ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருந்தது. செம்மண் சேற்றில் உழக்கிவிட்டு வந்து அது வீட்டுக்குள் ஏறும்போதெல்லாம் அந்த அம்மா படும் பாட்டைக் கண்டு, கொழும்புக்குப் போய்வந்தபோது இரண்டு பக்கற் ஈரத்தாள் வாங்கிவந்து கொடுத்தேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். நாளுக்கு மூன்று நான்கு தாள்களால் நாயைத் துடைத்தார். நாய் பால் போல வெள்ளையாகத் தெரிந்தது.

ஐந்தாறு வாரங்களின் பின் போனபோது நாயில் ஒரு கெட்ட மணம் வீசியது. வாலடியை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. மேலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உரோமத்தை விரலால் பிரித்துப் பார்த்தபோதுதான் வாலடியில் உள்ளங்கையளவு இடம் சிவந்து, நீர் கசிந்து, உரோமம் ஒட்டிப்போய்க் கிடந்தது தெரிந்தது. காதுக்குப் பின்னால் உரோமம் தும்புக்கட்டி போலத் திரண்டிருந்தது.

“பிள்ளை, நான் ஒவ்வொரு நாளும் துடைச்சனான். ஒரு நாளும் விடேல்லை. பிறகேன் இப்பிடி வந்தது?” என்று கேட்டார். பக்கத்து வீட்டார் தன்னைக் கவனமில்லாதவள் என்று நினைப்பார்களோ என்பதே அவருக்குப் பெருங் கவலையாக இருந்தது. பக்கற்றைக் கொடுத்தவள் நான். அதை எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுக்காதவளும் நானே.

மிருக வைத்தியர் புண்ணைச் சுற்றி உரோமத்தைக் கத்தரித்து, கழுவி, மருந்து கொடுத்தார். புண் ஆறியது. அவர் அன்று விளக்கியவற்றையும் பின்னர் நான் வாசித்து அறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

இவ்வகை நாய்களுக்கு உரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட, முரடான உரோமம். அடியில் பஞ்சு போன்ற மென்மையான, நெருக்கமான உரோமம். பொமரேனியனின் முன்னோர் போல்டிக் கடலோரத்துக் குளிர் நாட்டைச் சேர்ந்தவை. குளிரைத் தாங்க அமைந்த அந்த அடி உரோமம் எங்கள் ஊர் வெக்கையிலும் கூடவே வருகிறது. பழைய அடி உரோமம் உதிர்ந்தாலும் முழுவதும் வெளியே விழுவதில்லை. ஒரு பகுதி புதியதோடு சிக்கி உள்ளேயே நிற்கிறது. ஈரத்தாள் மேல் அடுக்கை மட்டுமே துடைக்கும், தோலைப் போய்ச் சேராது. ஆனால் அதிலுள்ள ஈரம் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே இறங்கும். மழைநாளில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது காய்வதற்கு வழியில்லை. ஏற்கெனவே சிக்குப் பிடித்த இடம் நனைந்து காயும்போது மேலும் இறுகும். அதனடியில் தோல் அவியும். தெள்ளுக் கடியோ உண்ணிக் கடியோ சேர்ந்துவிட்டால் நாய் நக்கிக் கடித்து, சில மணித்தியாலங்களிலேயே ஈரப்புண் பரவிவிடும்.

ஆகவே முதலில் சீப்பு, அதன் பின்பே ஈரத்தாள். சேறு பட்டு வந்த நாயை உடனே துடைக்கவும் கூடாது. ஈரச் சேற்றைத் தேய்த்தால் செம்மண் அடி உரோமத்துக்குள் போய்விடும். வாசலில் கட்டிவிட்டுச் சேறு காய்ந்த பின் வாரினால் மண் பொடியாக உதிரும். வாரும்போது நாயைச் சரித்துப் படுக்கவைத்து, இடக்கையால் உரோமத்தை வகிடு எடுப்பது போலப் பிரித்து, தோல் தெரியும்வரை பார்த்து, சிறிது சிறிதாக வாரவேண்டும். முதுகை மட்டும் தடவி வாருவதில் பயனில்லை. காதுக்குப் பின்புறம், கக்கம், தொடையின் உட்பகுதி, வாலடி ஆகியனவே சிக்குப் பிடிக்கும் இடங்கள். எங்கள் வேலிக்கரைகளில் நிற்கும் நாயுருவி விதைகளும் இங்கேதான் ஒட்டும். அவற்றைச் சுற்றியே சிக்கு வளரும்.

உண்ணியையும் இந்த நேரத்தில்தான் கண்டுபிடிக்கலாம். ஈரத்தாள் அதன் மேலால் வழுக்கிப் போய்விடும், விரலுக்குத்தான் அது தட்டுப்படும். காதுமடல், கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, தோலுக்கு மிக அண்மையில் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அது தோலை எரிக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும்.

இவ்வளவும் செய்த பின் ஈரத்தாளுக்கு உரிய வேலை வருகிறது. பாதங்கள், விரலிடுக்குகள், வாயைச் சுற்றிய இடம், அடிவயிறு, மலங்கழித்த பின் வாலடி. இவற்றுக்கு அது உண்மையிலேயே நல்ல உதவி. உரோமம் வளர்ந்த திசையிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துவாயால் ஒற்றிவிட வேண்டும். கண்ணோரத்துக்குச் சுத்தமான நீரில் நனைத்த பஞ்சே போதும். பழைய பருத்தி வேட்டித் துண்டை இளஞ்சூட்டு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்தாலும் இதே வேலையைச் செய்யலாம். 2022இல் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். நாய்க்கு ஒரு குறையும் வரவில்லை.

பேபி வைப்ஸைப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மனிதத் தோல் சற்று அமிலத் தன்மையானது. நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்டியது, மெல்லியதும்கூட. துடைத்ததை நாய் நக்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே வாசனையும் மதுசாரமும் சேராத, நாய்க்கென்றே செய்யப்பட்டதே நல்லது. தேயிலை மர எண்ணெய், அதாவது ‘டீ ட்றீ ஒயில்’ சேர்ந்ததைத் தவிர்க்க வேண்டும். கூடுதலாகப் பட்டால் அது நாய்க்கு நஞ்சு.

துடைக்கும் கையைப் பற்றி அந்தப் பக்கற்றுகளில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. ஈரத்தாள்கள் பழுதாகாமலிருக்கச் சேர்க்கப்பட்டுவந்த மெதைல்ஐசோதயசோலினோன் என்ற பொருள் பலருக்குத் தோல் ஒவ்வாமையை ஏற்படுத்துவது கண்டறியப்பட்டது. இதனால் கழுவாமல் தோலில் விடப்படும் அழகுசாதனப் பொருட்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடுத்தது. பெயர் நீளமானதுதான். ஆனாலும் பக்கற்றின் பின்புறத்தில் தேடிப்பாருங்கள். விரல்களில் கடியோ வெடிப்போ வந்தால் சவர்க்காரத்தில் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள்.

பாவித்த தாளை மலசலகூடத்தில் போடவேண்டாம். பலவற்றில் பிளாஸ்டிக் நார் கலந்திருப்பதால் அது கரையாது, குழாயை அடைக்கும்.

இறுகிய சிக்கை இழுப்பது நாய்க்குக் கடும் நோ. அப்போது வளர்த்தவரையும் கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விசர்நாய்க்கடி விடயத்தில் ‘எங்கட வீட்டு நாய்தானே’ என்ற சமாதானம் உதவாது. பெரிய சிக்குகளை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுவதே மேல். முழுதாக மொட்டையடிக்கவும் அவசரப்பட வேண்டாம். வெயில் நேரே தோலில் படும். அதோடு, சில நாய்களில் உரோமம் பழையபடி வளர்வதில்லை.

அந்த அம்மாவுக்குக் கை உயராது என்றேனல்லவா? நாயைத் தரையில் வைத்துக் குனியாமல், விறாந்தை வாங்கில் படுக்கவைத்துத் தானும் பக்கத்தில் இருந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வாரப் பழகிக்கொண்டார். வாலடியும் பின்னங்கால்களும் அவருக்கு எட்டாது. சனிக்கிழமைகளில் அயல்வீட்டுப் பள்ளி மாணவி வந்து அதைச் செய்கிறாள். அவளுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கும்படி கனடாவிலுள்ள மகனிடம் பேசினோம். நாய்க்கு வாரவும் சம்பளமா என்று முதலில் சிரித்தார். பின்பு அனுப்பத் தொடங்கினார்.

“இன்னும் அந்த ஈரக்கடதாசி அனுப்பட்டோ எண்டு கேட்டவன், பிள்ளை. ஒரு நல்ல இரும்புச் சீப்பு அனுப்படா எண்டனான்” என்றார் அம்மா. அடுத்த பொதியில் சீப்பு வந்தது. அதன் பிடி அவர் கைக்கு மெல்லியதாக இருந்ததால் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தேன்.