ஒரு கூடை இறாலுக்குப் பின்னால்

"ஒரு தொழில் வளர்ந்தால் அதற்கு இடுபொருள் வழங்கும் தொழில்களும் வளரும்." பொருளியல் பாடத்தில் வரும் இக்கருத்தை மாணவர்கள் எளிதில் ஒப்பித்துவிடுவார்கள். எப்படி என்று கேட்டால் திணறுவார்கள். இதை விளக்கப் பழவேற்காடு ஏரி நல்ல எடுத்துக்காட்டு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதை நம்பிப் பல மீனவக் கிராமங்கள் வாழ்கின்றன.

இறாலுக்கும் நண்டுக்கும் வெளியூரில் கிராக்கி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீனவர் கூடுதல் நாள் தொழிலுக்குப் போகிறார். புது வலை வாங்குகிறார். வலைக்கு நைலான் நூல், மிதவை, ஈயக் குண்டு, கயிறு வேண்டும். பைபர் படகுக்குக் கண்ணாடி இழையும் ரெசினும் வேண்டும். பிடித்தது கெடாமலிருக்க ஐஸ் வேண்டும். ஐஸ் தொழிற்சாலைக்கோ மின்சாரம், அம்மோனியா, உப்பு ஆகியவை தேவை. இப்படித் தேவை ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்கிறது. இதைப் 'பின்னோக்கிய இணைப்பு' என்று 1958-இல் வெளியான தம் நூலில் விளக்கினார் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். பிடித்த மீனைப் பதப்படுத்துவதும் ஏற்றுமதி செய்வதும் 'முன்னோக்கிய இணைப்பு'.

மாணவர்கள் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இச்சங்கிலி தளரவும் செய்யும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அப்போது காசிமேட்டில் ஐஸ், டீசல் தேவை குறைகிறது. ஆனால் படகு பழுதுபார்ப்போருக்கு அதுவே வேலை மிகுந்த காலம்.

இரண்டாவது, இடுபொருள் தருபவரால் உற்பத்தியைக் கூட்ட முடிய வேண்டும். ஐஸ் தொழிற்சாலை ஏற்கெனவே முழு அளவில் இயங்கினால், ஐஸ் கூடாது, விலைதான் கூடும்.

மூன்றாவது, பயன் எந்த ஊருக்குப் போகிறது என்பது. மீன்வலைத் தொழிற்சாலைகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. பழவேற்காட்டு மீனவர் அங்கு தயாரான வலையை வாங்கினால், வலை செய்த கூலி அங்கேதான் சேரும். கிழிந்த வலையைத் தைக்கும் கூலி மட்டும் ஊரில் தங்கும். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வணிகம் செய்த காலத்தில் நிலைமை வேறு. நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர் எல்லோரும் சோழமண்டலக் கரையிலேயே இருந்ததால், ஏற்றுமதி பெருகியபோது வேலையும் இக்கரையிலேயே பெருகியது.

வகுப்பில் இதைச் செயல்பாடாக்கலாம். ஒரு கூடை இறாலுக்குத் தேவையான பொருள்களை மாணவர்கள் பட்டியலிட்டு, 'ஊருக்குள்', 'மாவட்டத்துக்குள்', 'வெளியே' என மூன்று கட்டங்களில் நிரப்பட்டும். பிறகு ஒரு கேள்வி: முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன்வரத்து குறைந்தால், யாருடைய வேலை முதலில் போகும்? மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இதற்கு நமக்கு முன்பே விடை சொல்லிவிடுவார்கள். அந்த விடையிலிருந்து பாடத்தைத் தொடங்குவதே நல்லது.